முதல் மடக்குக் கத்தி வாங்குகிறீர்களா? கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஸ்டீல் நல்லது?" என்பதைத்தான். பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: "போன வாரம் எதையெல்லாம் வெட்டினீர்கள்?" சற்று யோசித்துவிட்டு, "பார்சல் பிரித்தேன்... வேறென்ன..." என்று இழுப்பார்கள். அந்த இழுப்பிலிருந்துதான் தேர்வைத் தொடங்க வேண்டும்.

இருபது வருடமாகப் பையில் ஒரு கத்தி இல்லாமல் நான் வெளியே போனது குறைவு. எத்தனையோ கத்திகளை வாங்கி, பயன்படுத்தி, சிலவற்றைக் கொடுத்துவிட்ட பிறகு எனக்குள் உறுதியாக நிற்பது இவ்வளவுதான்: தினசரிக் கத்திக்கு வாய், அதாவது வெட்டும் ஓரம், மெல்லிசாக இருக்க வேண்டும், திறந்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டை நம்ப முடிய வேண்டும், மழுங்கினால் நாமே தீட்டிக்கொள்ள முடிய வேண்டும். ஸ்டீலின் பெயர் அதற்கெல்லாம் பின்னால்தான் வரும்.

1. ஒரு வாரம் எழுதி வையுங்கள்

கத்தி வாங்கும் எண்ணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். எதையாவது வெட்டவோ கிழிக்கவோ கை தேடும் ஒவ்வொரு முறையும் போனில் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். சாவியால் டேப்பைக் கிழித்தது, பல்லால் கவரைக் கடித்தது, கத்தரிக்கோலைத் தேடி எழுந்து போனது எல்லாமே கணக்கில் வரும்.

பெரும்பாலோரின் பட்டியல் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்: பார்சல் டேப், அட்டைப்பெட்டி, கேபிள் டை, நைலான் கயிறு, துணியில் தொங்கும் நூல், பென்சில், பழம். இவற்றில் எதற்கும் 8 செ.மீ.க்கு மேல் நீளமான அலகு தேவைப்படாது. படத்தில் மிரட்டலாகத் தெரியும் பெரிய கத்தியை வாங்கிவிட்டு மூன்றாம் நாளே அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் நிறைய. அவர்கள் பட்டியலைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து வாங்கியவர்கள்.

அட்டைப்பெட்டிதான் அதிகம் என்றால், வாய் நேராக இருந்து முனை கீழே இறங்கி நிற்கும் ஷீப்ஸ்ஃபுட் வகை வசதி. பெட்டிக்குள் இருக்கும் பொருளை முனை குத்தாது. பலவிதமான வேலை என்றால் டிராப் பாயிண்ட் எடுங்கள். முதுகு முனையை நோக்கி லேசாகத் தாழ்ந்து, வாய் மெல்ல வளைந்து வரும் வடிவம் அது. கோணலான முனையுள்ள டான்டோ, பல் பல்லாக வெட்டிய வாய் இரண்டையும் முதல் கத்திக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ரம்பப் பல் கயிற்றை வேகமாக அறுக்கும், உண்மைதான். ஆனால் மழுங்கிய பிறகு அதைத் தீட்டுவது புதியவர்களுக்குப் பெரும்பாடு.

2. சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்

கத்தியை வைத்திருப்பது வேறு, பொது இடத்துக்குக் கொண்டுபோவது வேறு. இரண்டுக்கும் பல நாடுகளில் தனித்தனி விதி. பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். அதைத் தாண்டினாலோ, பூட்டு இருந்தாலோ தக்க காரணம் காட்ட வேண்டும். ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளுக்கு ஜெர்மனியில் கட்டுப்பாடு உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தில் அலகின் நீளம், பூட்டு, திறக்கும் முறை ஆகிய மூன்றைப் பற்றியும் விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். பட்டனைத் தட்டினால் தானாகப் பாய்ந்து திறக்கும் கத்திகளைப் புதியவர்கள் தவிர்த்துவிடுவதே நல்லது. விமானத்தில் போகும்போது கத்தியைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சோதனை மேடையில் பிடித்தமான கத்தியைப் பறிகொடுத்தவர்கள் அநேகம்.

3. அளவும் எடையும்

அலகு 6 முதல் 8 செ.மீ., எடை 100 கிராமுக்குள். இந்த இரண்டு எண்களுக்குள் நின்றால் கத்தி பையில் இருப்பதே மறந்துபோகும். ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன்: 1964-ல் வந்த பக் 110 புகழ்பெற்ற மடக்குக் கத்தி, வேட்டைக்காரர்களின் இடுப்பில் உறையோடு தொங்கியது. பித்தளையும் மரமும் சேர்ந்து அது ஏறத்தாழ 200 கிராம். அருமையான கத்திதான், ஆனால் அதைப் பேன்ட் பையில் போட்டு நடந்து பாருங்கள், ஒவ்வொரு அடிக்கும் தொடையில் இடிக்கும். மரப் பிடி போட்ட பிரெஞ்சு மடக்குக் கத்தியான ஓபினெல் 8-ம் எண்ணின் அலகு 8.5 செ.மீ.; எடையோ பக் 110-ன் எடையில் நான்கில் ஒரு பங்குதான்.

4. அலகின் தடிமன்

கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய இடம் இது. விளம்பரங்கள் அதிகம் பேசாத விஷயமும் இதுதான்.

கத்தி வெட்டுவது இரண்டு காரணங்களால். வாயின் விளிம்பு பொருளுக்குள் நுழைய வேண்டும். நுழைந்த பிறகு, பின்னால் வரும் அலகு தடையில்லாமல் இறங்க வேண்டும். முதலாவது கூர்மை. இரண்டாவது வடிவம். புதிய கத்தி எதுவானாலும் முதல் நாள் கூராகத்தான் இருக்கும், அதனால் ஏமாந்துவிடுவோம். வடிவத்தில் உள்ள குறை பயன்படுத்தும்போதுதான் தெரியும்.

ஒரு ஆப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கம் 4 மி.மீ. தடிமனுள்ள கத்தியை நடுவில் வைத்து அழுத்துங்கள். தோல் அறுபடும், கொஞ்ச தூரம் இறங்கும், பிறகு முரண்டு பிடிக்கும். இன்னும் அழுத்தினால் 'டக்' என்று பழம் பிளக்கும். வெட்டிய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் மேலே பாதி வழவழப்பு, கீழே பாதி பிய்த்தெடுத்தது போலச் சொரசொரப்பு. அதாவது கத்தி பாதியிலேயே வெட்டுவதை நிறுத்திவிட்டது. மீதி வேலையை ஆப்பு போல நெம்பி முடித்திருக்கிறது. இப்போது 2 மி.மீ. முதுகுள்ள கத்தியால் இன்னொரு ஆப்பிளை வெட்டுங்கள். சத்தமே வராது. அடி வரை ஒரே சீராக இறங்கும், வெட்டுமுகம் முழுக்க ஈரம் மின்னும். இரண்டு கத்தியும் ஒரே ஸ்டீலாக இருந்தாலும், ஒரே கோணத்தில் தீட்டியிருந்தாலும் இந்த வித்தியாசம் இருக்கும். தடித்த அட்டையில் இதே கதை இன்னும் கடுமையாக நடக்கும். பத்துப் பெட்டி வெட்டியதும் மணிக்கட்டு வலிக்கும்.

ஆகவே முதுகின் தடிமன் 2 முதல் 3 மி.மீ.க்குள் இருக்கட்டும். அதைவிட முக்கியம், கூர் விளிம்புக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடிமன் என்பது. அந்த இடம் அரை மி.மீ.க்குக் கீழே இருந்தால் கத்தி நன்றாக வெட்டும். அளக்கக் கருவி இல்லாவிட்டால் கண்ணே போதும். தீட்டிய பட்டை வாயின் ஓரத்தில் மின்னும் கோடாகத் தெரியும். அந்தக் கோடு மெல்லிசாக இருந்தால் பொதுவாக அலகும் அங்கே மெல்லிசு. தாராளமாக அகன்று தெரிந்தால் அலகு அங்கே தடித்திருக்க வாய்ப்பு அதிகம். முதுகிலிருந்து வாய் வரை ஒரே சரிவாக இறங்கும் அலகு, பாதி உயரம் வரை முழுத் தடிமனோடு வந்து பிறகு சரியும் அலகைவிடத் தினசரி வேலைக்கு உகந்தது.

"மெல்லிசாக இருந்தால் உடையாதா?" என்று கேட்பீர்கள். நெம்பினால் உடையும். பெயின்ட் டப்பா மூடியைத் திறக்க, திருகு கழற்ற, ஆணியைக் கிளப்ப எந்தக் கத்தியையும் பயன்படுத்தக் கூடாது. கத்தி வெட்டுவதற்கு. நெம்புகோல் வேலைக்காகத் தடித்த கத்தி வாங்கினால், தினமும் வரும் நூறு வெட்டுகளிலும் அந்தத் தடிமன் உங்கள் கையைப் பழிவாங்கும்.

5. பூட்டு

பல வருடங்களுக்கு முன், மலிவாகக் கிடைத்த ஒரு லைனர் லாக் கத்தியால் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். முனை உள்ளே மாட்டிக்கொண்டது. லேசாகத் திருகி இழுத்தேன். பூட்டு நழுவி, அலகு மடங்கி, ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் விழுந்தது. நான்கு தையல். குளிர்நாளில் அந்த விரலை மடக்கினால் இன்றைக்கும் தோல் இழுக்கும். காயம் ஆறியதும் கத்தியைக் கழற்றிப் பார்த்தேன். பூட்டுத் தகடு அலகின் அடியில் மயிரிழை அளவுதான் பிடித்திருந்தது. பிடித்த இடமும் தேய்ந்து வழுக்கிக் கிடந்தது. வாங்கிய அன்றே கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய குறை. பார்க்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் இந்தப் பகுதியை விரிவாக எழுதுகிறேன்.

லைனர் லாக்கில், பிடியின் உள்பக்கத் தகடு ஸ்பிரிங் போல வளைந்து, அலகு திறந்ததும் அதன் அடிப்பகுதிக்குப் பின்னால் வந்து முட்டுக்கொடுக்கும். இன்று நாம் காணும் வடிவத்தை 1980-களின் தொடக்கத்தில் கத்தி வடிவமைப்பாளர் மைக்கேல் வாக்கர் செம்மைப்படுத்தினார். பிடியின் பக்கத் தகடே பூட்டாக வேலை செய்தால் அது ஃபிரேம் லாக். இன்னொரு கத்தி வடிவமைப்பாளரான கிறிஸ் ரீவ் தன் செபென்சா கத்தியில் கொண்டுவந்தது. இரண்டிலும் பார்க்க வேண்டியது ஒன்றே: கத்தியை முழுக்கத் திறந்து, பிடியின் இடுக்கு வழியாக உள்ளே பாருங்கள். பூட்டுத் தகடு அலகின் அடிப்பகுதி அகலத்தில் கால் பங்கிலிருந்து பாதி வரை நகர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றால் வாங்காதீர்கள். எதிர்ப்பக்கம் வரை போய் இடித்து நின்றால் தேய்மானத்துக்கு இடமில்லை, அதுவும் வேண்டாம்.

பேக் லாக் என்பது பிடியின் முதுகில் உள்ள நீண்ட நெம்பு, அலகின் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விழுந்து பிடிப்பது. பழைய முறை, உறுதியானது. நான் மேலே சொன்ன பக் 110-ல் இருப்பது இதுதான். இன்னொன்று குறுக்குக் கம்பிப் பூட்டு. ஸ்பிரிங்கின் விசையில் ஒரு சிறு எஃகுக் கம்பி அலகுக்கும் பிடிக்கும் நடுவே வந்து அடைத்துக்கொள்ளும். பெஞ்ச்மேட் நிறுவனம் 1998-ல் ஆக்சிஸ் லாக் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. காப்புரிமைக் காலம் முடிந்ததால் இப்போது பல நிறுவனங்கள் தங்கள் பெயரில் போடுகின்றன. புதியவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். காரணம், மடக்கும்போது விரல் அலகின் வழியில் வருவதே இல்லை. லைனர் லாக்கை மடக்க, கட்டைவிரலால் தகட்டைத் தள்ளி, அலகு இறங்கும் பாதையிலேயே விரலை வைத்திருந்து, சரியான நேரத்தில் எடுக்க வேண்டும். பழகிவிடலாம், ஆனால் பழகும் வரை கவனம் சிதறக் கூடாது. இடக்கைக்காரர்களுக்கும் குறுக்குக் கம்பியும் பேக் லாக்கும்தான் தோது. லைனர் லாக் பெரும்பாலும் வலக்கைக்கென்றே அமைந்தது.

ஓபினெலின் வளையப் பூட்டையும் சொல்லியாக வேண்டும். பிடியின் கழுத்தில் இருக்கும் உலோக வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்க வழியில்லாமல் போகும். 1955-ல் வந்த இந்த அமைப்பைவிட எளிய பூட்டை நான் பார்த்ததில்லை. வளையத்தை நீங்களேதான் திருப்ப வேண்டும்; மறந்தால் பூட்டில்லாத கத்திதான்.

பூட்டே இல்லாமல் முதுகு ஸ்பிரிங்கின் பலத்தில் நிற்கும் ஸ்லிப் ஜாயிண்ட் கத்திகளும் உண்டு. விக்டோரினாக்ஸின் சிறிய சிவப்புக் கத்திகள் பெரும்பாலும் இந்த வகை. கார்ல் எல்செனர் 1891-ல் சுவிஸ் படைவீரர்களுக்குக் கொடுத்த கத்தியிலிருந்து வளர்ந்த மரபு அது. தினசரி வேலையில் பெரும்பகுதிக்கு இது போதும். குத்தித் துளைக்கும் வேலையை மட்டும் இதனால் செய்யாதீர்கள்.

6. பிடியும் கிளிப்பும்

இறுகப் பிடித்துப் பாருங்கள். நான்கு விரலும் அடங்க வேண்டும். சுண்டுவிரல் வெளியே தொங்கினாலும் சிறிய கத்தியில் சமாளிக்கலாம். ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தால் எங்கே குத்துகிறது என்பது தானாகத் தெரியும், பெரும்பாலும் கிளிப்தான் உள்ளங்கையை உறுத்தும். பிசினில் இறுக்கிய கண்ணாடியிழை அல்லது துணி அடுக்குகளான ஜி10, மைக்கார்ட்டா இரண்டும் ஈரக் கையிலும் வழுக்காது. வழவழப்பான உலோகப் பிடி பார்க்க அழகு, வியர்த்த கையில் நழுவும். மரப் பிடி கைக்கு இதமாக இருக்கும், தண்ணீரில் ஊறினால் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும்.

பையின் விளிம்பில் மாட்டும் கிளிப்பையும், கட்டைவிரலால் திறக்க அலகில் வட்டத் துளையையும் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981-லேயே ஒரே கத்தியில் கொண்டுவந்துவிட்டது. கிளிப்பின் இறுக்கம் அளவாக இருக்கட்டும். மிக இறுக்கமானது இரண்டே மாதத்தில் பேன்ட் பையின் விளிம்பை நூல் நூலாக்கிவிடும்.

7. இப்போது ஸ்டீல்

எந்த ஸ்டீலும் மூன்று குணங்களுக்கு இடையே ஒரு சமரசம்தான்: கூர் நீடிப்பது, எளிதில் சிதறாமல் இருப்பது, துருப்பிடிக்காமல் இருப்பது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். கூர் நீண்ட நாள் நிற்கும் ஸ்டீல், தீட்டும்போதும் கல்லோடு மல்லுக்கு நிற்கும். புதியவர் அதை மறந்துவிடக் கூடாது.

சில பெயர்களை வாசிக்கத் தெரிந்துகொண்டால் உதவும். 8சிஆர்13எம்ஓவி என்றால் சுமார் 0.8 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம். மலிவு, சுலபமாகத் தீட்டலாம், அடிக்கடி தீட்ட வேண்டும். 12சி27, 14சி28என் இரண்டும் சாண்ட்விக் நிறுவனத்தின் வழிவந்த ஸ்டீல்கள். மெல்லிய வாயைத் தாங்கும், துருவுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். முதல் கத்திக்கு 14சி28என் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்பது என் கருத்து. டி2-வில் 12 சதவீத அளவுக்குக் குரோமியம் இருந்தாலும், அதில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினமான துகள்களாகிவிடுகிறது. எனவே முழுத் துருக்காப்பு கிடையாது. வியர்வைப் பையில் வைத்தால் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். விஜி-10, எஸ்30வி ஆகியவை ஒரு படி மேல். உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-ல் வந்த மேக்னாகட் ஸ்டீல் கூர், உறுதி, துருக்காப்பு மூன்றையும் வியக்கத்தக்க அளவு ஒன்றுசேர்த்தது. ஆனால் முதல் கத்திக்கே அது வேண்டும் என்பதில்லை.

ஸ்டீலின் பெயரைவிட அதைப் பதப்படுத்திய விதம் முக்கியம். ராக்வெல் கடினத்தன்மை 56 முதல் 61 வரை என்று எழுதியிருந்தால் நம்பிக்கையோடு பார்க்கலாம். "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்றோ வெறும் "ஸ்டெயின்லெஸ்" என்றோ மட்டும் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். தாங்கள் போட்ட ஸ்டீலின் பெயரைச் சொல்லத் தயங்கும் தயாரிப்பாளரிடம் மற்றதை எப்படி நம்புவது?

8. கையில் வந்ததும்

கடையிலோ, பார்சலைப் பிரித்ததுமோ, இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யுங்கள்.

மடக்கிய நிலையில் மேலிருந்து பாருங்கள். அலகு இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். முனை பிடிக்குள் முழுக்க மறைந்திருக்க வேண்டும். ஒரு துணியை அதன்மேல் ஓட்டுங்கள், நூல் சிக்கினால் முனை வெளியே நீட்டுகிறது. பிறகு பிடியை இறுகப் பிடித்து, அலகு சுழலும் பக்கம் தரையை நோக்கி இருக்க, ஆள் இல்லாத பக்கமாக லேசாக உதறுங்கள். அலகு தானாக வெளியே வரக் கூடாது.

திறந்து, அலகின் முதுகையும் பக்கங்களையும் மட்டும் பிடித்து இடவலமாகவும், பிறகு மேலும் கீழுமாகவும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் திருகை இறுக்கினால் சரியாகலாம். மேலும் கீழும் ஆடினால் குறை பூட்டில் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசியாக, பிடியைப் பக்கத் தகடுகளில் மட்டும் பிடித்து, அலகு மடங்கும் பாதையில் ஒரு விரலும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். பூட்டு நகரவே கூடாது. ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. ஓங்கி அடித்தால் நல்ல பூட்டும் கெடும்.

செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்து வெட்டிப் பாருங்கள். அடியிலிருந்து முனை வரை ஒரே சீராக ஓடினால் தீட்டிய கை நல்ல கை.

9. தீட்டப் பழகுங்கள்

கத்தியோடு சேர்த்து ஒரு சாணைக்கல்லையும் வாங்கிவிடுங்கள். ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 உள்ள கல் போதும்; எண் கூடினால் கல் நயமானது என்று பொருள். கோணத்தைப் பிடிப்பதுதான் எல்லோருக்கும் சிக்கல். அதற்கு ஒரு வழி: தீட்டிய பட்டை முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசி, கல்லில் ஒரே ஒரு முறை இழுத்துவிட்டுப் பாருங்கள். மேல் ஓரத்தில் மட்டும் மை அழிந்திருந்தால் கத்தியைச் சற்று நிமிர்த்துங்கள். வாயின் நுனியில் மட்டும் அழிந்திருந்தால் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். முழுப் பட்டையிலும் அழிந்ததா, அதுதான் கோணம். அதைக் கை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வரை இருக்கும்.

ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே இருந்தால் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். விரலை வாயின் குறுக்கே, முதுகிலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் ஓட்டினால் அது தட்டுப்படும். வாயின் முழு நீளத்துக்கும் பிசிறு வந்த பிறகே பக்கத்தை மாற்றுங்கள். அவசரப்பட்டு முன்பே மாற்றுவதுதான் "எவ்வளவு தீட்டினாலும் கூர் வரவில்லை" என்ற புகாருக்குக் காரணம். முடிவில் 1000-ல் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி மெதுவாக இழுத்து, பிறகு பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னே போக வாய் பின்னே வரும்படி, பத்துமுறை ஓட்டினால் பிசிறு உதிர்ந்துவிடும்.

மற்றபடி பராமரிப்பு சுலபம். புளிப்பான பழம் வெட்டினால் துடைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை பிடிக்குள் சேர்ந்த பஞ்சைக் குச்சியால் எடுத்துவிட்டு, அலகு சுழலும் இடத்தில் ஒரு துளி மினரல் ஆயில் விடுங்கள். சமையல் எண்ணெய் விட்டால் நாளாகப் பிசுபிசுத்துப் பஞ்சை இன்னும் இழுக்கும். சுழல் திருகு தளர்ந்தால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, திறந்து மூடிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். அடிக்கடி தளர்ந்தால் திருகைக் கழற்றி, எண்ணெய் போகத் துடைத்து, திருகு கழலாமல் பிடிக்கும் நீலப் பசையை மரையில் ஊசிமுனை அளவு வைத்து இறுக்கி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். சிவப்பு நிறப் பசை வேண்டாம். அது போட்டால் அடுத்த முறை சூடுகாட்டாமல் திருகு கழலாது.